சில்லி சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டெக்சாஸில் குளிர் தட்ட ஆரம்பித்தால் சில்லிக் காலம் தொடங்கிவிடும். அலுவலக விருந்து, தேவாலய நிதி திரட்டல், பக்கத்து வீட்டில் கால்பந்து பார்க்கும் கூட்டம் என்று எங்கே போனாலும் ஒரு பெரிய பானை இருக்கும். இங்கே வந்து சேர்ந்த நம் ஆட்களும் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் தாங்களே ஒரு பானை வைத்துவிடுகிறார்கள். அப்புறம் எனக்குச் செய்தி வரும். "அண்ணா, கசக்குது." "கறி வேகவே மாட்டேங்குது." "தண்ணியா ஓடுது, என்ன பண்ணட்டும்?" என் பதில்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் பானையில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பானையையே கொட்ட வேண்டிய காரணம் கடைசியில்.

நான் சொல்வது மாட்டுக்கறியைக் காய்ந்த மிளகாய் விழுதில் மெல்லிய தீயில் வேகவைக்கும் டெக்சாஸ் சில்லி. 1977-இல் சட்டமன்றமே இதை மாநில உணவு என்று அறிவித்துவிட்டது. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் ஆட்டுக்கறியிலோ வான்கோழிக் கொத்துக்கறியிலோ செய்வார்கள். அறிகுறிகள் பெரும்பாலும் அதேதான், வேகும் நேரம்தான் மாறும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: ஒரு கிலோ கறிக்கு 50 முதல் 60 கிராம் காய்ந்த மிளகாய் (ஆஞ்சோ, குவாஹியோ என்ற மெக்சிகன் மிளகாய் இரண்டும் பாதிக்குப் பாதி), பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், சீரகத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மெக்சிகன் ஆரிகானோ ஒரு தேக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி, கறி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் அல்லது எலும்புச்சாறு. சிம்மில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். உங்கள் செய்முறை இதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம்.

## எதைச் சேர்ப்பதற்கும் முன்

பானையில் நேரடியாக எதையும் கொட்டாதீர்கள். நான்கு சின்னக் கிண்ணங்களில் இரண்டிரண்டு கரண்டி சில்லி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு சிட்டிகை உப்பு, மூன்றாவதில் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு, நான்காவதில் ஒரு சிட்டிகை சர்க்கரை. கலக்கி வரிசையாக ருசி பாருங்கள். எது முன்னேறியதோ அதுதான் பானைக்கு வேண்டியது. எதுவுமே முன்னேறவில்லை என்றால் பானைக்கு வேண்டியது பெரும்பாலும் நேரம். மூடியைப் போட்டு அரைமணி நேரம் அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். பதற்றத்தில் மூன்று மசாலாவைச் சேர்த்துவிட்டு அழைப்பவர்களுக்குத்தான் என்னால் உதவவே முடிவதில்லை.

## அறிகுறி: சப்பென்று இருக்கிறது

உப்பு குறைவு. பாதிப் பானைகளுக்கு இதுதான் பதில். மேலே சொன்ன கிண்ணச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். அரைத் தேக்கரண்டி போடுங்கள், பத்து நிமிடம் விடுங்கள், மறுபடி ருசி பாருங்கள்.

புளிப்பு இல்லை. தக்காளி போடாத சில்லியில் இது சகஜம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு தேக்கரண்டி, அடுப்பை அணைத்த பிறகு. புளிக்கரைசல் வேண்டாம், அது வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

தூள் பழசு. டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சீரகத்தூளில் வாசனையே வரவில்லை என்றால் சில்லியிலும் வராது. முழுச் சீரகத்தை வறுத்துப் பொடித்துக் கடைசி இருபது நிமிடத்தில் சேர்த்தால் சரியாகிவிடும். இதற்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை.

மிளகாய் காய்ந்து செத்துவிட்டது. நல்ல ஆஞ்சோ வளையும், தோல் போலத் துவளும், உலர்ந்த திராட்சை வாசனை அடிக்கும். தொட்டால் நொறுங்கி வாசனையே இல்லாத மிளகாயில் எத்தனை போட்டாலும் நிறம்தான் வரும். அடுத்த தடவை மெக்சிகன் கடையில் வாங்குங்கள். அங்கே சரக்கு வேகமாகப் போவதால் புதிதாகக் கிடைக்கும். இப்போதைக்கு நல்ல மிளகாய் நான்கை ஊறவைத்து அரைத்துச் சேர்த்து இன்னும் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டியதுதான்.

## அறிகுறி: சில்லி போல இல்லை, கறிக்குழம்பு போல இருக்கிறது

இது நம் ஆட்களுக்கென்றே உள்ள கோளாறு. காரணத்தை நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும். மல்லித்தூள் போட்டீர்களா? கரம் மசாலா? இஞ்சி பூண்டு விழுது? "கொஞ்சூண்டு மஞ்சள்தான்" என்று ஒருவர் சொன்னார். அந்தக் கொஞ்சூண்டு போதும்.

போட்டதை எடுக்க முடியாது, மூடி மறைக்கலாம். இரண்டு மூன்று ஆஞ்சோவை அரைத்து ஊற்றுங்கள், ஆரிகானோவை அரைத் தேக்கரண்டி கூட்டுங்கள், சர்க்கரை சேர்க்காத கோகோப் பொடி ஒரு தேக்கரண்டி கலந்து இன்னும் அரைமணி நேரம் வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சோறு வடித்துவிடுங்கள். ருசியில் குறை இருக்காது, பெயர்தான் வேறு.

தக்காளி அதிகமானாலும் இதே அறிகுறி வரும். ஒரு கிலோ கறிக்கு ஒரு சின்ன டின்னுக்கு மேல் போனால் அது தக்காளிக் குழம்பாகும். மூடியைத் திறந்துவைத்து வற்றவிட்டு, மிளகாய் விழுதைக் கூட்டுவதுதான் வழி.

## அறிகுறி: கசக்கிறது

கசப்பு எப்போது வந்தது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். அதனால் கிளையாகப் பிரிக்கிறேன்.

மிளகாய் விழுதைத் தனியாக ருசித்தாலே கசக்கிறதா? கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள். மிளகாய் கருகியிருக்கிறது என்று அர்த்தம். நாம் சாம்பார்ப் பொடிக்கு வறுப்பது போல ஆஞ்சோவை வறுக்கக் கூடாது. அது சதைப்பிடிப்பான மிளகாய், சர்க்கரை அதிகம், சட்டென்று கருகும். நடுத்தரச் சூட்டில் பக்கத்துக்கு 15 முதல் 20 வினாடி, வாசனை கிளம்பியதும் எடுத்துவிட வேண்டும். கரும்புள்ளி விழுந்த மிளகாயைத் தூக்கிப் போடுங்கள், அதில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம். விழுது இன்னும் பானையில் சேரவில்லை என்றால் அதிர்ஷ்டசாலி நீங்கள். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அரையுங்கள். சேர்த்துவிட்டீர்கள், கசப்பும் கடுமை என்றால் பானை போனது போனதுதான். சர்க்கரையைக் கொட்டிக் கொட்டி இனிப்பும் கசப்புமாக ஆக்கி மூன்று மணி நேர எரிவாயுவையும் வீணாக்காதீர்கள்.

விழுது சரி, ஊறவைத்த தண்ணீர் கசக்கிறதா? அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அரைக்க வேண்டும். சில மிளகாயில் நன்றாகவே இருக்கும், சிலதில் வேம்பாகக் கசக்கும். கசந்தால் ஊற்றிவிட்டு வெந்நீரில் அரையுங்கள். விதையையும் உள்நரம்பையும் நீக்காமல் அரைத்தாலும் இலேசான கசப்பு வரும்.

பூண்டு கருகியதா? வெங்காயம் வதங்கிய பின் பூண்டைப் போட்டு அரை நிமிடத்தில் தண்ணீரோ சாறோ ஊற்ற வேண்டும். பானை அடியில் கரும்பழுப்புப் பூண்டுத் துணுக்குகள் தெரிந்தால் இதுதான். சீரகத்தூளைச் சூடான எண்ணெயில் நேராகக் கொட்டினாலும் இதே கதை.

இலேசான கசப்பு மட்டுமா? அப்படியானால் வெல்லமோ பழுப்புச் சர்க்கரையோ ஒரு தேக்கரண்டி, கூடவே ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பை அமுக்கும். பலருக்குச் சர்க்கரையே தேவைப்படாது. அதையும் தாண்டி மிச்சமிருக்கும் கசப்பு ஒரு ராத்திரி குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் கொஞ்சம் அடங்கும்.

கோகோ, காபி, பீர் ஏதாவது ஊற்றினீர்களா? செய்முறைக் காணொளிகளைப் பார்த்து மூன்றையும் ஒன்றாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். மூன்றுமே கசப்பு. ஒன்று போதும். ஒன்றுகூட இல்லாமலும் நல்ல சில்லி வரும்.

## அறிகுறி: காரம் தாங்கவில்லை

முதலில் நீங்கள் போட்ட தூளின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று விற்பது காரமில்லாத மிளகாய், சீரகம், பூண்டு, ஆரிகானோ எல்லாம் கலந்த கலவை. 1890-களில் டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் இப்படி ஒன்றைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். அதன் பிறகு வந்த செய்முறைகளில் "கால் கப்" என்று போட்டிருப்பதெல்லாம் இந்தக் கலவையின் அளவு. இந்தியக் கடையில் வாங்கிய மிளகாய்த்தூளைக் கால் கப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் ஆஞ்சோ பொதுவாக 1,000 முதல் 2,000. குண்டூர் மிளகாய் 30,000-ஐத் தாண்டும்.

சரி, போட்டாகிவிட்டது. செலவு வரிசையில்:

முதலில் செலவில்லாதது. பரிமாறும்போது சமாளியுங்கள். புளித்த கிரீம், துருவிய செடார் சீஸ், சோள ரொட்டி. தயிர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். மிளகாய்க் காரம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் தண்ணீர் ஊற்றினால் குழம்பு நீர்க்கிறதே தவிர எரிச்சல் குறைவதில்லை.

அடுத்தது, மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். காரத்தில் நல்ல பங்கு அதில்தான் இருக்கிறது.

அதற்கும் அடங்கவில்லை என்றால் அளவைப் பெருக்குங்கள். இன்னொரு அரைக் கிலோ கறியை மிளகாயே இல்லாமல் வேகவைத்துச் சேர்க்கலாம், வேகவைத்த பீன்ஸ் சேர்க்கலாம். இது செலவுள்ள வழி, ஆனால் உறுதியான வழி. பாதியை உறையவைத்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு காரத்தை உறிஞ்சும் என்பது நடக்காத காரியம். கிழங்கு கொஞ்சம் சாற்றைக் குடிக்கும், அவ்வளவே. உப்புக்கும் இதே பதில்தான்: உப்பு கூடிப்போன பானைக்கு உப்பில்லாத கறி, பீன்ஸ், தண்ணீர் சேர்ப்பது தவிர வேறு வழி இல்லை.

ஊரில் இருந்து செய்பவர்கள் ஆஞ்சோ கிடைக்கவில்லை என்றால் காஷ்மீரி அல்லது பியாட்கி மிளகாயை எடுத்துக்கொள்ளலாம். நிறம் கிடைக்கும், காரம் கட்டுக்குள் இருக்கும். ஆஞ்சோவின் அந்தப் பழ வாசனை மட்டும் வராது. இரண்டு உலர்ந்த திராட்சையை விழுதோடு சேர்த்து அரைத்தால் ஓரளவு ஈடுகட்டும்.

கையோ கண்ணோ எரிகிறதா? கையில் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீர் பயன்படாது. கண்ணில் பட்டிருந்தால் எண்ணெய், பால் எதுவும் வேண்டாம். முதலில் கைகளைச் சோப்பால் கழுவி, காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். அதன் பிறகும் வலியோ மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

## அறிகுறி: கறி கடிக்க முடியவில்லை

இன்னும் வேகவில்லை. "ஒன்றரை மணி நேரம் ஆச்சே" என்பார்கள். சக் ரோஸ்ட் என்ற மாட்டின் தோள்பட்டைக் கறிக்கு ஒன்றரை மணி நேரம் பாதி வழி. ஒரு துண்டை எடுத்துக் கரண்டியால் அழுத்துங்கள். பந்து போலத் திமிறினால் வேகவில்லை, நார்நாராகப் பிரிந்தால் வெந்துவிட்டது. திமிறினால் இன்னும் அரைமணி நேரம், மறுபடி சோதனை. இந்த அறிகுறியில் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மருந்து இது ஒன்றே.

தீ அதிகம். பானை தளதளவென்று கொதிக்கிறதா? அப்படிக் கொதித்தால் கறி இறுகும், சாறும் வற்றும். இரண்டு மூன்று நொடிக்கு ஒரு குமிழ் மேலே வந்தால் போதும். சின்ன பர்னருக்கு மாற்றுங்கள். அதிலும் அடங்காவிட்டால் மூடி போட்டு 300 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் ஓவனுக்குள் வைத்துவிடுங்கள். கிளற வேண்டிய வேலையும் மிச்சம்.

தண்ணீர் குறைந்து கறி மேலே தெரிகிறது. வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

தவறான கறி. இதுதான் செலவு வைக்கும் காரணம். கொழுப்பும் சவ்வும் இல்லாத சர்லாயின், ரவுண்ட் போன்ற துண்டுகள் எவ்வளவு நேரம் வெந்தாலும் சக்கையாகத்தான் போகும். கறி நார்நாராகப் பிரிகிறது, ஆனால் வாயில் வறண்டு மரத்தூளாக இருக்கிறது என்றால் இதுதான் உங்கள் கோளாறு. மேற்கொண்டு வேகவைக்காதீர்கள், இன்னும் மோசமாகும். கறியை எடுத்துப் பொடியாக நறுக்கி மறுபடி சாற்றில் போட்டால் வறட்சி அவ்வளவாகத் தெரியாது. கடையில் "ஸ்டூ மீட்" என்று ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கும் பொட்டலத்தில் நான்கு விதத் துண்டு கலந்திருக்கும். ஒன்று வேகும், ஒன்று வேகாது. முழு சக் ரோஸ்ட்டாக வாங்கி முக்கால் அங்குலத் துண்டாக நீங்களே வெட்டுங்கள். கறி வெட்டுபவரிடம் சொன்னால் பெரும்பாலும் அவரே வெட்டித் தருவார்.

ஆட்டுக்கறி என்றால் தொடையைவிடத் தோள்பட்டைதான் இதற்குச் சரி.

## அறிகுறி: கறி சாம்பல் நிறத்தில் இருக்கிறது, வறுத்த வாசனை இல்லை

வாணலியில் கறியைக் குவித்துப் போட்டிருப்பீர்கள். குவித்தால் கறி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே அவியும். தண்ணீர் விட்டுவிட்டதா? வடித்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், தீயைக் கூட்டுங்கள், கறி காய்ந்து சிவக்கும் வரை விடுங்கள், அப்புறம் அந்தச் சாற்றை மறுபடி ஊற்றுங்கள். அடுத்த முறை கறியைத் துணியால் ஒற்றி எடுத்து மூன்று நான்கு ஈடாக வறுக்கலாம். எல்லாத் துண்டும் எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு நன்றாகச் சிவந்தால் பானை முழுக்க அந்த வாசனை வரும்.

நீங்கள் செய்தது சின்சினாட்டி சில்லி என்றால் இது கோளாறே அல்ல. அங்கே கொத்துக்கறியைப் பச்சையாகவே தண்ணீரில் கரைத்து, பட்டையெல்லாம் போட்டு வேகவைத்து ஸ்பகெட்டி மேல் ஊற்றுவார்கள். நீர்க்கத்தான் இருக்கும்.

## அறிகுறி: தண்ணீராக ஓடுகிறது

மூடியைத் திறந்துவைத்து இருபது நிமிடம் விடுங்கள். முக்கால்வாசிப் பானைகள் இதிலேயே சேர்ந்துவிடும். உப்பை இதற்கு அப்புறம்தான் சரிபார்க்க வேண்டும், வற்றும்போது உப்பு ஏறும்.

போதவில்லையா? சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைக்கும் மாசா மாவு இரண்டு மேசைக்கரண்டியைக் கால் கப் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கெட்டியும் ஆகும், டார்ட்டியா என்ற மெக்சிகன் ரொட்டியின் வாசனையும் வரும். மாசா இல்லை என்றால் உப்பில்லாத சோள டார்ட்டியா ஒன்றைப் பிய்த்துப் போடுங்கள், கரைந்துவிடும். கார்ன்ஃபிளவர் போட்டால் கெட்டியாகும்தான், ஆனால் சீன சூப் பளபளப்பு வந்துவிடும். வேறு எதுவும் இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம். அளவுக்கு மேல் கெட்டியானால் எலும்புச்சாறு அரைக் கப். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

## அறிகுறி: மேலே எண்ணெய் ஏடு கட்டி நிற்கிறது

கரண்டியால் எடுத்துவிடுங்கள். லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகை கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிய பெடர்னலெஸ் ஆற்றுச் சில்லிச் செய்முறையிலேயே கொழுப்பை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறது. அவசரமில்லை என்றால் ராத்திரி குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் தகடாக உறைந்திருக்கும், கையாலேயே எடுக்கலாம். முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவாவது இருந்தால்தான் மிளகாய் வாசனை நிற்கும்.

## அறிகுறி: பீன்ஸ் வேகவில்லை

டெக்சாஸ்காரர்களிடம் இந்தத் தலைப்பையே காட்டாதீர்கள். டெக்சாஸின் டெர்லிங்குவா ஊரில் நடக்கும் சில்லிப் போட்டியில் பீன்ஸ் போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் போடுகிறவர்கள் ஏராளம், நானும் போடுவேன்.

தக்காளியோடு சேர்த்துப் போட்டீர்களா? புளிப்பில் பீன்ஸ் மெத்தென்று ஆகாது. வேகவைத்த பிறகே பானையில் சேர்க்க வேண்டும். சேர்த்தாகிவிட்டது என்றால் கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் போனால் சோப்பு ருசி வரும்.

பழைய பீன்ஸா? ராத்திரி முழுக்க ஊறியும் சுருக்கம் விரியாத பீன்ஸ் வேகாது. டின் பீன்ஸை வாங்கிக் கழுவிப் போட்டுவிடுங்கள்.

ராஜ்மாவைப் பச்சையாக ஸ்லோ குக்கரில் போட்டீர்களா? இங்கே நிறுத்துங்கள், இது ருசிப் பிரச்சினை இல்லை. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹேமக்ளூட்டினின் என்ற நச்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாது. சரியான முறை: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, அப்புறம்தான் எதில் வேண்டுமானாலும் போடலாம். நம் வீட்டு விசில் குக்கரில் மெத்தென்று வேகவைத்த ராஜ்மாவுக்கும், டின் ராஜ்மாவுக்கும் இந்தக் கவலை இல்லை.

அரைவேக்காட்டு ராஜ்மாவைச் சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்தால் அமெரிக்காவில் இருப்பவர்கள் நச்சுத் தகவல் மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். குழந்தைகள், வயதானவர்கள் என்றால் காத்திருக்காமல் அழைக்க வேண்டும். வேறு ஊரில் இருந்தால் பக்கத்து மருத்துவமனைக்கு.

## அறிகுறி: அடிப்பிடித்துவிட்டது, அல்லது குக்கர் "பர்ன்" என்று காட்டுகிறது

அடுப்பை அணையுங்கள். கிளறாதீர்கள், சுரண்டாதீர்கள். மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள். தீய்ந்த வாசனை ஏறவில்லை என்றால் பிழைத்தீர்கள், புதுப் பாத்திரத்தில் தொடருங்கள். ஏறியிருந்தால் புகையில் உலர்த்திய சிபோட்லே மிளகாய் ஒன்றை அரைத்து ஊற்றி, புகைவாசனையை வேண்டுமென்றே வைத்தது போலக் காட்டிக்கொள்ளலாம். இலேசான தீய்ச்சலுக்கு மட்டும்தான் இந்தத் தந்திரம் எடுபடும். மாசா போட்ட பிறகு அடிப்பிடிப்பதுதான் அதிகம். அதைப் போட்ட பின் பானையை விட்டு நகராதீர்கள்.

மின்சார பிரஷர் குக்கரில் "பர்ன்" வந்தால், பிரஷர் முழுக்க இறங்கியதும் திறந்து, மரக்கரண்டியால் அடியைத் தேய்த்துப் பாருங்கள். ஒட்டியிருப்பதை எல்லாம் சுரண்டிவிட்டு ஒரு கப் எலும்புச்சாறு ஊற்றுங்கள். தக்காளியையும் மிளகாய் விழுதையும் கடைசியில் மேலே ஊற்றிக் கிளறாமல் மூட வேண்டும். அப்படியும் வந்தால் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். விரிந்தோ வெடித்தோ இருந்தால் ஆவி வெளியேறித் தண்ணீர் வற்றும். வளையம் மாற்றுவது சின்னச் செலவு. வளையமும் புதிது, தண்ணீரும் இருக்கிறது, வெறும் தண்ணீரை வைத்தாலும் அதே எச்சரிக்கை வருகிறது என்றால் சூடு உணரும் பாகத்தில் பழுது. அதை வீட்டில் பிரிக்காதீர்கள். தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குக் கொண்டு போங்கள்.

## அறிகுறி: மறுநாள் புளித்த வாசனை, நுரை, குமிழ்

கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம் பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதியிலும் அழியாது.

இது ஏன் நடக்கிறது என்றால், பெரிய பானையை அப்படியே மூடி ராத்திரி அடுப்பிலேயே விட்டுவிடுவதால். கெட்டியான குழம்பு நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் அகலமான டப்பாக்களில் பிரித்து, அடுப்பை அணைத்த 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மூன்று நான்கு நாளைக்குள் சாப்பிட்டுவிடலாம், மிச்சத்தை உறையவையுங்கள். சுடவைக்கும்போது நடுப்பகுதி 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். ஓரம் மட்டும் கொதித்தால் போதாது.

சாப்பிட்ட பிறகு வயிற்றுப்போக்கு வந்தால் பெரும்பாலும் தண்ணீரும் உப்பு சர்க்கரைக் கரைசலும் குடித்து ஓய்வெடுத்தாலே ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட நிற்காத வாந்தி, மூன்று நாளைத் தாண்டும் போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## எல்லாம் சரியாகச் செய்தும் ஒவ்வொரு முறையும் கெடுகிறது என்றால்

பாத்திரத்தையும் அடுப்பையும் சந்தேகப்படுங்கள். அடி மெல்லிய பாத்திரம் என்றால் ஒரே இடத்தில் வட்டமாகப் பிடிக்கும். அடிகனமான வார்ப்பிரும்புப் பாத்திரம் வாங்குவதுதான் தீர்வு. எனாமல் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள், தக்காளிக்கும் தாங்கும். பிடித்த தடம் எப்போதும் ஒரே பக்கமாகவே இருந்தால் அடுப்பு மட்டமாக இல்லை. ஒரு தட்டையான வாணலியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் காலை உயர்த்துங்கள்.

ஸ்லோ குக்கரில் கறி எப்போதுமே வேகாவிட்டால் அதற்கு ஒரு சோதனை உண்டு. பாதியளவு குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடி, குறைந்த சூட்டில் 8 மணி நேரம் விடுங்கள். மூடியைத் திறந்த உடனே வெப்பமானியை வைத்தால் 185 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கறிக்கு அது ஆபத்து, பழுதுபார்க்காமல் வேறு வாங்கிவிடுங்கள். பழுது பார்க்கும் கூலியில் புதிதே வந்துவிடும்.

எரிவாயு அடுப்பில் சிம் வைத்தால் அணைந்துபோகிறதா? பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து பாருங்கள். அதன் பிறகும் சுடர் மஞ்சளாகவே எரிந்தால் பழுது பார்ப்பவரைக் கூப்பிட வேண்டும், நீங்களே திருகாதீர்கள். அடுப்பு அணைந்திருக்கும்போது எரிவாயு வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், வெளியில் இருந்து எரிவாயு நிறுவனத்தையோ அவசர உதவியையோ அழையுங்கள். பானை உள்ளேயே இருக்கட்டும்.